நாவுக்குமா வருணம்?

ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று ஆங்கிலப் பாடத்தைப் படித்தான். "இஸ்கூல்" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அச்சிரிப்பை அடக்கியிருக்க வேண்டிய ஆசிரியராகிய நாமும் சேர்ந்து சிரித்தோம். சிறுவன் அமர்ந்தான். அதன்பின் மூன்று வாரம் அவன் வாயினின்றும் ஒரு சொல் வந்ததில்லை.

குற்றவாளிக் கூண்டிலே நிற்பவர் நாமேதான், தோழர்களே! அவனைக் கண்டு நகைக்கும் உரிமை எவருக்கேனும் இல்லையென்றால், முதற்கண் அது நமக்கே இல்லை. ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பில் மொழியியலும் ஒலியியலும் என்றொரு தாள் எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். மனிதன் வாயில் பிறக்கும் ஒலிகளில் உயர்ந்ததுமில்லை, தாழ்ந்ததுமில்லை என்று நிறுவும் அறிவியல் அது. அதனைக் கற்றுத் தேறிய நாம், நான்காண்டு கழிவதற்குள் ஒரு பிள்ளையின் நாவைப் பார்த்துச் சிரித்தோம். கற்றது எங்கே போயிற்று? கற்பித்த முறைதான் என்ன?

நாம் பயின்ற கல்லூரியில் ஒலியியல் காதால் கற்கும் கலையாக இல்லை. கண்ணால் பார்த்து மனனம் செய்யும் பாடமாக இருந்தது. நகலெடுத்த குறிப்புகள் கைமாறி வந்தன. ஆங்கில ஒலிகள் 44; அவற்றுள் உயிர் 20, மெய் 24. ஒவ்வொரு மெய்க்கும் மூன்று பட்டம். 'குரலிலா ஈரிதழ் வெடிப்பொலி, குரலுடை ஈரிதழ் வெடிப்பொலி' என்று வேத பாடசாலையிலே சந்தை சொல்வதைப்போல் சொல்லி வைத்தோம். தலையைக் குறுக்கே வெட்டியது போன்ற படம் வரைந்து, நா, அண்ணம், மிடறு எனப் பெயர் குறித்தால் மதிப்பெண். தொண்டையில் விரலை வைத்துப் பார் என்று சொன்னவர் எவருமிலர். உதட்டின் முன்னே ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் குறிக்கும் ஆங்கிலப் 'பின்'னை ஆங்கிலேயர் சொல்லும் விதத்திலும், நம் தமிழ்ப் 'பின்'னை நம் வழக்கிலும் மாறிமாறிச் சொன்னால் முன்னதில் தாள் படபடக்கும். பின்னதில் ஏறத்தாழ அசையாது நிற்கும். பகரம் இரண்டும் ஒன்றல்ல என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். செலவு ஒரு துண்டுத் தாள்! மூன்றாண்டில் அதுவும் நடக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த ஒலிக்குறிகள் யாருடைய ஆக்கம்? 1886இல் பாரிசில் பால் பாசி என்பவரோடு கூடிய மொழியாசிரியர்கள் தொடங்கிய சிறு சங்கமே பின்னாளில் அனைத்துலக ஒலியியல் கழகமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சைக் கற்பிக்க ஆசிரியர்கள் ஆக்கிக்கொண்ட கருவி அது. அக்கருவியைத் தாய்மொழியின் பக்கம் ஒருமுறை திருப்பியிருந்தால்! கல், தங்கம், பகல்: மூன்றிலும் எழுத்து ககரம் ஒன்றே. ஆனால் முதலதில் அது குரலின்றி வெடிக்கிறது. இரண்டாவதில் மெல்லினத்தை அடுத்துக் குரல் பெறுகிறது. மூன்றாவதில் தேய்ந்து மெலிந்து ஹகரத்தை ஒட்டி ஒலிக்கிறது. பிறந்தது முதல் பேசுகிறோம், இவ்வேற்றுமையை உணர்ந்தோமில்லை. இடத்தால் மாறினும் பொருளை மாற்றாத இவற்றை மாற்றொலி என்பர். வலி, வளி, வழி எனப் பொருளையே மாற்றிவிடும் லகர, ளகர, ழகரங்களை ஒலியன் என்பர். வீட்டுப் பேச்சிலிருந்து பத்துச் சொல் எடுத்துக் கற்பிக்கத்தக்கது இது. நாமோ கண்டறியாத ஊரின் எடுத்துக்காட்டுகளால் இதனைப் படித்தோம், ஆகவே படிக்கவில்லை.

அதே ஆண்டு நாடகத் தாளில் பெர்னார்டு ஷாவின் 'பிக்மாலியன்' பாடம். ஒலியியல் காலையில், பிக்மாலியன் பிற்பகலில், நடுவே உணவு இடைவேளை. அந்த இடைவேளையைத் தாண்டி இரண்டும் ஒருநாளும் சந்தித்ததில்லை! 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அரங்கேறி, 1914இல் லண்டன் மேடைக்கு வந்த அந்நாடகத்தின் நாயகன் ஹிக்கின்ஸ் ஓர் ஒலியியல் பேராசிரியன். ஒருவன் பேச்சைக் கேட்டே அவன் ஊரை ஆறு மைல் எல்லைக்குள் சொல்லிவிடுவதாக மார்தட்டுபவன். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பூ விற்கும் எலிசாவைக் காண்கிறான். அவள் பேச்சை மாற்றிப் பிரபு குலத்துச் சீமாட்டியென்று ஊரை நம்பவைத்துக் காட்டுவதாகச் சொல்கிறான், நம்பவைத்தும் விடுகிறான்.

ஷாவின் அறிவாண்மையை நாம் போற்றுகிறோம். உயர்குலத்தின் வேலி குருதியில் இல்லை, நாவின் நுனியிலே இருக்கிறது, சில மாதப் பயிற்சியில் அதனைத் தாண்டலாம் என்று மேடையேற்றிக் காட்டியது, பிறப்பால் பெருமை பேசுவோர் கன்னத்தில் விழுந்த அறையன்றோ! ஆயினும் நமக்கொரு குறையுண்டு. எலிசா வேலியைத் தாண்டினாள். வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவளோடு கூடை சுமந்த ஏனைய பூக்காரிகள் அதற்கு அப்புறத்திலேயே நிற்கின்றனர். ஹிக்கின்சோ பாதி விஞ்ஞானி, பாதி பிரபு. அவன் கை எடுக்கும் குறிப்பில் ஒலி ஒலியாக மட்டுமே பதிவாகிறது. அவன் வாய் அவ்வொலியை வசைபாடுகிறது. எலிசா சொல்முதலில் ஹகரத்தை விட்டுவிடுகிறாளாம். பிரெஞ்சுக்காரரும் தம் மொழியில் ஹகரத்தை ஒலிப்பதில்லை. அவர்கள் பேச்சை நாகரிகத்தின் சிகரம் என்றல்லவா கொண்டாடினார்கள்? தன்னை உயர்த்தியது ஹிக்கின்சின் பயிற்சி அன்று, பிக்கரிங் என்னும் மற்றொருவர் தன்னை மதித்து நடத்திய பண்பே என்று இறுதி அங்கத்தில் எலிசா உணர்த்துகிறாள். மாணவி அங்கே ஆசிரியனை வென்றுவிடுகிறாள். எம் தேர்வில் அவ்விடத்திலிருந்து ஒரு வினாவும் வந்ததில்லை.

அந்த 44 ஒலிகள்தாம் யாருடையவை? டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதிக்கு அளவுகோலாக வைத்தது, தென்னிங்கிலாந்தில் பணம் படைத்தோர் பிள்ளைகளை அனுப்பும் விடுதிப் பள்ளிகளில் பயின்ற குடும்பத்தாரின் பேச்சு. அதை அவர் மறைக்கவில்லை. எம் குறிப்புகள்தாம் மறைத்தன. 'கார்' என்பதன் இறுதி ரகரத்தை அக்குடும்பத்தார் ஒலிப்பதில்லை. ஒலித்தால் நாட்டுப்புறத்தான் என்பர். கடலைத் தாண்டி நியூயார்க் செல்வோம். 1962இல் வில்லியம் லேபோவ் என்னும் மொழியியலார் அந்நகரின் மூன்று பெரிய கடைகளில் ஏறி இறங்கினார். ஒன்று செல்வருக்கு, ஒன்று நடுத்தரத்தாருக்கு, ஒன்று ஏழையருக்கு. நான்காம் மாடியில் கிடைக்கும் பொருளைக் கேட்டு, 'நான்காம் மாடி' என்னும் ஆங்கில விடையில் ரகரம் வருகிறதா என்று 264 பணியாளரிடம் செவிமடுத்தார். செல்வர் கடையில் ரகரம் மிகுதி. ஏழையர் கடையில் குறைவு. லண்டனில் ரகரத்தை விட்டவன் மேலோன். நியூயார்க்கில் விட்டவன் கீழோன். கப்பலேறியதும் வருணம் மாறிவிடுகிறது, பாருங்கள்! ஒலியில் இருந்தால் மாறுமா? உடையவன் பணப்பையில் இருப்பதால்தானே மாறுகிறது?

இப்பொழுது எம் சிறுவனிடம் வருவோம். 'இஸ்கூல்' பிழையா? தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளை வரையறுத்து வைத்திருக்கிறது. ரகரமும் லகரமும் தாங்கி வரும் பிறமொழிச் சொல்லின் முன்னே உயிரைச் சேர்த்துக்கொள்ள நன்னூல் வழி வகுத்தது. ஆகவேதான் இராமன், இலங்கை, உலோகம் என்றெல்லாம் எழுதுகிறோம். புலவர் இகரம் சேர்த்தால் செந்தமிழ்; உழவர் வீட்டுப் பிள்ளை இகரம் சேர்த்தால் பட்டிக்காடு! அவன் நூற்பா படிக்காமலே, நூற்பாவுக்கு அடியிலிருக்கும் விதியை நாவில் வைத்திருக்கிறான். உலகமும் அவன் பக்கமே. இலத்தீன் மொழியின் 'ஸ்கோலா'வை ஸ்பானியர் 'எஸ்குவேலா' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 'எகோல்' என்கின்றனர். அம்மொழிகளும் முன்னே உயிர் சேர்த்துக்கொண்டவையே.

"அப்படியானால் அவனை அவ்வாறே விட்டுவிடுவதா? நாளை வேலைக்கு நேர்முகம் காண்பவர் உம்மைப்போல் நன்னூல் பார்ப்பாரா?" என்று நண்பர் ஒருவர் வினவினார். நேர்மையான வினா. விட்டுவிடச் சொல்லவில்லை. மேலோர் பேச்சையும் கற்பிப்போம். அது ஒரு வகுப்பாரின் பேச்சு, ஒரு கருவி என்று பெயர் சொல்லிக் கற்பிப்போம். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்னும் ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கற்பிக்கையில் அவர்கள் வீட்டு மொழியைக் கணக்கிற்கொள்ள வேண்டும் என்று 1979இல் ஒரு நீதிபதி பள்ளி ஆட்சிக்குத் தீர்ப்புரைத்தார். வீட்டு நாவை அறுத்துவிட்டு வேறு நாவை ஒட்டும் மருத்துவம் எங்கும் பலித்ததில்லை.

சென்ற வாரம் வகுப்பில் இவற்றைச் சொன்னோம். கரும்பலகையில் இராமன் என்றும், இஸ்கூல் என்றும், எஸ்குவேலா என்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். சிரித்தது நம் தவறு என்றும் சொன்னோம். சிறுவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான், பேசவில்லை. மறுநாள் மணியடித்துப் பிள்ளைகள் வெளியேறிய பின் மேசையருகே வந்து நின்றான்.

"ஐயா, அவங்க ஊருல டேசனுக்கு என்ன சொல்லுவாங்க?"

விடை தெரியவில்லை. அகராதியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னோம்: 'எஸ்தாசியோன்'.

"எங்க ஆத்தா இஸ்டேசன்னுதான் சொல்லும்" என்றான்.