சாட்டை எதற்கு, எவ்வளவு?

சட்டமன்றத்தில் முக்கியமான வாக்கெடுப்பு என்றால், ஒவ்வொரு கட்சியும் தன் எம்.எல்.ஏ.க்களுக்கு உத்தரவு போடும். போடுபவர் கட்சியின் கொறடா. கொறடா என்றால் சாட்டை. உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். நாம் வாக்களித்து அனுப்பியவரைக் கட்சி இப்படிக் கட்டிப்போடலாமா?

கட்சியின் பக்கமும் நியாயம் உண்டு. தமிழகச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் பட்ஜெட்கூட நிறைவேறாது. தேர்தல் அறிக்கையை நம்பி வாக்களித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. ஒரு கட்சிக்குத் தாவி, திரும்பி, மறுபடியும் தாவினார். 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்று நாடே கேலி பேசியது. அந்தக் காலத்தில் தாவல்களால் பல மாநில அரசுகள் கவிழ்ந்தன. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது அதனால்தான். கொறடாவை மீறினால் பதவி போகலாம் என்பதும் இந்தச் சட்டம்தான்.

மருந்து நல்லதுதான், அளவில்தான் கோளாறு. ஆட்சி நிலைக்குமா என்ற வாக்கெடுப்புக்கும் ஒரு சாதாரண மசோதாவுக்கும் ஒரே சாட்டை. தனியாளாகக் கட்சி மாறினால் தாவல். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியில் கலந்தால் அது 'இணைப்பு', தண்டனை கிடையாது. சில்லறைக்குத் தடை, மொத்த வியாபாரத்துக்கு அனுமதி!

தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். அவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017 பிப்ரவரியில் தமிழக அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியின் 11 எம்.எல்.ஏ.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். மூன்று ஆண்டுகளாகியும் அவர்கள் மீது முடிவு வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பரிலேயே பதவி இழந்தார்கள். உயர் நீதிமன்றம் அந்தத் தகுதிநீக்கம் செல்லும் என்றது. ஆனால் 2019 இடைத்தேர்தல் வரை 18 தொகுதி மக்களுக்கும் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. ஒரே சட்டம், ஒரே அவை. வேகம் மட்டும் வேறு.

பிரிட்டனில் 2019-இல் கட்சியை மீறி வாக்களித்த 21 ஆளுங்கட்சி எம்.பி.க்களைக் கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது, அவர்கள் எம்.பி. பதவி போகவில்லை. இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்றவற்றோடு கொறடாவின் அதிகாரம் நிற்கட்டும் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொன்னது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தகராறு வந்தால் கட்சி சாராத தீர்ப்பாயம் விசாரிக்கட்டும்.

உங்கள் ஊர் ஏரியைப் பாதிக்கும் மசோதா ஒன்று வருகிறது என்று வையுங்கள். அதில் கட்சியை எதிர்த்துக் கை தூக்கினால் ஆட்சி கவிழாது, ஏரி பிழைக்கலாம். அந்தக் கையைச் சாட்டை தடுக்கக் கூடாது.