பதுங்கித் தாக்குதலா, முற்றுகையா? – வேக்கோ தொலைக்காட்சிப் படத்தின் பெயரும் பார்வையும்

திறவுச் சொற்கள்: தொலைக்காட்சிப் படம், சமயக் குழு, முற்றுகை, பெயரிடல், சிவகாசி 1899

முன்னுரை

ஒரு வன்முறை நிகழ்வுக்கு இடப்படும் பெயரே அதன்மீதான முதல் தீர்ப்பாகிவிடுகிறது. கோயில் நுழைவுரிமைப் பூசலின் தொடர்ச்சியாக 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டதை மக்கள் வழக்கு 'சிவகாசிக் கொள்ளை' என்கிறது. ஆங்கிலேய ஆட்சியின் பதிவுகளோ அதைத் திருநெல்வேலிக் கலகங்களுள் ஒன்றாக அடக்குகின்றன. முன்னது தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் பிரித்துக் காட்டுகிறது. பின்னது இரு தரப்பையும் ஒழுங்கு குலைத்தவராக்குகிறது. இப்பெயரிடல் சிக்கலை முன்வைத்து, 1993இல் வெளிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் ஒன்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நிகழ்வும் படமும்

டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகருக்கு அருகே டேவிட் கொரேஷ் தலைமையில் 'பிராஞ்ச் டேவிடியன்' என்னும் சமயக் குழுவினர் வாழ்ந்துவந்தனர். சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி 1993 பிப்ரவரி 28 அன்று கூட்டாட்சி அலுவலர்கள் அவர்களது குடியிருப்புக்குள் நுழைய முயன்றனர். அன்றைய மோதல்களில் அலுவலர் 4 பேரும் குழுவினர் 6 பேரும் இறந்தனர். 51 நாள் முற்றுகை ஏப்ரல் 19 அன்று பெருந்தீயில் முடிந்தது. குழந்தைகள் உட்பட 76 பேர் மாண்டனர்.

டிக் லோரி இயக்கிய 'இன் தி லைன் ஆஃப் டூட்டி: ஆம்புஷ் இன் வேக்கோ' மே 23 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முற்றுகை முடியுமுன்பே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. எனவே கதை பிப்ரவரி 28ஆம் நாள் மோதலோடு நின்றுவிடுகிறது. முற்றுகையும் தீயும் அதில் இடம்பெறவில்லை.

பார்வைக் கோணம்

இப்படம் 1988இல் தொடங்கிய படவரிசையைச் சேர்ந்தது. சட்டம் காக்கும் அலுவலரின் உயிர்த்தியாகமே அவ்வரிசையின் மையம். அவ்வார்ப்புக்குள் வேக்கோ நிகழ்வு பொருத்தப்பட்டபோது 'ஆம்புஷ்', அதாவது பதுங்கித் தாக்குதல், என்னும் சொல் தலைப்பில் ஏறியது. ஒளிபரப்புக்குப் பின் வெளிவந்த சான்றுகள் இச்சொல்லை ஐயத்துக்குள்ளாக்கின. நடவடிக்கை பற்றிய செய்தி முன்கூட்டியே கசிந்ததை அறிந்தும் தலைமை அலுவலர்கள் அதைத் தொடர்ந்தனர் என அமெரிக்கக் கருவூலத் துறையின் ஆய்வறிக்கை 1993 செப்டம்பரில் கண்டறிந்தது. 1994இல் நடுவர் குழு, குற்றம் சாட்டப்பட்ட 11 பேரையும் கொலை, கொலைச்சதி ஆகிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. ஐவர்மீது கொலையாகாத மரணக் குற்றத்தை உறுதிசெய்தது. முழுப்பழியும் இல்லை, முழு விடுதலையும் இல்லை என்னும் இந்நுண்மைக்குத் தலைப்பில் இடமில்லை.

டிம் டேலியின் நடிப்பு கொரேஷின் கவர்ச்சியையும் கொடுமையையும் ஒருங்கே உணர்த்துகிறது. இது படத்தின் வலிமை. ஆனால் தலைவர் ஒருவரே உருப்பெற, அவரை நம்பியவர்கள் பின்னணிக் கூட்டமாகச் சுருங்குகின்றனர். தீயில் மடிந்தோரில் பெரும்பாலோர் அத்தகையோரே. அவர்களை மனிதராக அறியாத பார்வையாளர், அவர்களது மரணத்தைத் தலைவரின் குற்றத்துக்கான விலையாக எளிதில் ஏற்றுவிடுவர்.

முடிவுரை

கொரேஷின் குற்றங்களை மறைப்பது திறனாய்வின் நோக்கமன்று. இறந்தோர் எல்லாருக்கும் கதையில் இடம் உண்டா என்பதே கேள்வி. விசாரணைக்கு முன்பே பெயர் சூட்டிய படம் அக்கேள்வியைத் தவறவிட்டது. சிவகாசி போன்ற நிகழ்வுகளைத் திரையாக்க முனைவோர், எந்தப் பதிவின் பெயரை ஏற்கின்றனர், அப்பெயர் யாரை மறைக்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.