கிறித்தவத் தமிழில் நம்பிக்கையும் எதிர்நோக்கும்: உடும்பஞ்சோலை மொழிச்சூழலை முன்வைத்து

முன்னுரை

கிறித்தவ சமயம் தலையாயனவாகக் கொள்ளும் பண்புகள் மூன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் இயலில் அவை ஒருசேர வைத்து எண்ணப்படுகின்றன. கிரேக்க மூலத்தில் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாப்பே என அமைந்த அம்மூன்றனுள் இறுதியில் நிற்பது அன்பு என்பதில் இன்றைய தமிழ் மொழிபெயர்ப்புகளிடையே வேறுபாடு இல்லை. முதலிரண்டைத் தமிழில் எச்சொற்களால் சுட்டுவது என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது. ஒரு மரபில் இரண்டாம் பண்பைக் குறிக்கும் 'நம்பிக்கை' என்னும் சொல், மற்றொரு மரபில் முதற்பண்பைக் குறிக்கிறது. ஒரே மொழியில், ஒரே மறைநூலில், ஒரே சொல் இருவேறு கோட்பாடுகளுக்குரியதாக நிற்கும் இந்நிலையை ஆராய்ந்து, அதனால் நம்பிக்கையாளரின் வாழ்வில் மறைநூல் பெறும் இடத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப்புற மொழிச்சூழல்

இச்சிக்கலைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற களங்களுள் ஒன்று உடும்பஞ்சோலை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தோடு எல்லை கொண்டது. போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய மலைவழிகள் இரு நிலங்களையும் இணைக்கின்றன. ஏலமலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழரும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமவெளியிலிருந்து குடியேறிய மலையாளிகளும் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1930இல் நிறுவப்பட்ட விஜயபுரம் இலத்தீன் மறைமாவட்டம், 1983இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கிழக்குக் கேரளப் பேராயம், 2003இல் அமைந்த சீரோ மலபார் இடுக்கி மறைமாவட்டம் எனப் பல திருச்சபை அமைப்புகள் இம்மலைப்பகுதியில் பணிபுரிகின்றன.

இத்தகைய சூழலில் வாழும் கிறித்தவர் ஒருவரின் காதில் எல்பிஸ் என்னும் ஒரு கருத்து மூன்று சொற்களாக விழ வாய்ப்புண்டு. சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'நம்பிக்கை'. கத்தோலிக்கத் தமிழ் வழிபாட்டில் 'எதிர்நோக்கு'. மலையாளத் திருநூலில் 'பிரத்யாசா'. இவற்றுள் மலையாள வழக்கு மட்டும் திருச்சபை வேறுபாட்டால் பிளவுறவில்லை. 1910ஆம் ஆண்டின் சத்தியவேதபுஸ்தகத்திலும் பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பிலும் விசுவாசம், பிரத்யாசா, சிநேகம் என்னும் வரிசையே காணப்படுகிறது. 'நம்புக' என்னும் வினை மலையாளத்திலும் உண்டு. எனினும் அம்மொழியின் மறைநூல், இவ்விரு பண்புகளுக்கும் வடசொற்களையே தேர்ந்து அவற்றின் எல்லைகளைக் காத்துக்கொண்டது. தமிழ் அவ்வாறு செய்யவில்லை. அதனால் நேர்ந்த இழப்பும் ஆக்கமும் ஆராயத்தக்கன.

'விசுவாசம் - நம்பிக்கை' மரபு

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, சீர்திருத்தத் திருச்சபைகளின் செல்வாக்குமிக்க வேதாகமமாக நிலைபெற்றது. இதில் பிஸ்டிஸ் 'விசுவாசம்' எனவும் எல்பிஸ் 'நம்பிக்கை' எனவும் அமைகின்றன. கத்தோலிக்கரின் பழைய செபநூல்களிலும் விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என இதே பாகுபாடு வழங்கியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. எனவே இது ஒரு காலத்தில் தமிழ்க் கிறித்தவர் அனைவர்க்கும் பொதுவான சொல்லாட்சியாக இருந்தது எனலாம்.

இம்மரபின் வலிமை, இரு பண்புகளுக்கும் இரு தனிச்சொற்களை ஒதுக்கியதில் உள்ளது. ஆபிரகாம், எதிர்பார்க்க ஏதுமற்ற நிலையிலும் எதிர்பார்த்து இறைவனை ஏற்றதைக் கூறும் உரோமையர் 4:18இல், நம்பிக்கை விசுவாசத்தோடு துணைநின்று செயற்படுவதைப் பழைய மொழிபெயர்ப்பு தெளிவாக உணர்த்துகிறது. ஆயின் இப்பாகுபாடு திருச்சபைக்குள் பயின்றவர்க்கே விளங்குவதாக உள்ளது. பொதுவழக்கில் 'கடவுள் நம்பிக்கை' என்பது சமய ஏற்பையே குறிக்கிறது. 'விசுவாசம்' என்பதோ, உண்டவர்க்கும் உடையவர்க்கும் காட்டும் நன்றியுணர்வாக, எசமானரிடம் வேலையாள் கொள்ளும் பற்றாகக் குறுகிவிட்டது. கிரேக்க பிஸ்டிஸ் என்பதிலும் பற்றுறுதி என்னும் பொருள் உண்டு என்பதால் இதனை முழுப்பிழை எனல் இயலாது. இருப்பினும் தோட்டத் தொழிலாளர் வாழும் நிலத்தில் அச்சொல் இறைவனை முதலாளியின் சாயலில் காட்டிவிடும் இடர்ப்பாடு உண்டு.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. உரோமையர் 8:24, நாம் எல்பிஸால் மீட்கப்பட்டோம் என்கிறது. எபேசியர் 2:8, பிஸ்டிஸ் வழியாக மீட்கப்பட்டதைக் கூறுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் முன்னதில் 'நம்பிக்கை'யும் பின்னதில் 'விசுவாச'மும் நிற்கின்றன. பொதுவழக்கின் காதோடு கேட்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட சுற்றுமடல் இவ்வுரோமையர் பகுதியையே தலைப்பாகக் கொண்டது. மறைநூலின் சில இடங்களில் இவ்விரு பண்புகளும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்கனவாகத் தோன்றுகின்றன என அம்மடலும் சுட்டுகிறது. ஆகவே மயக்கத்திற்குத் தமிழ்ச்சொல் மட்டும் காரணமன்று. மூலத்திலேயே இவ்விரண்டும் நெருங்கி நிற்கின்றன.

'நம்பிக்கை - எதிர்நோக்கு' மரபு

திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தின் வழி 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு என்னும் நோக்குடன் உருவானது. சுவிசேஷம் நற்செய்தியாகவும், இரட்சிப்பு மீட்பாகவும், பரிசுத்த ஆவி தூய ஆவியாகவும் இதில் மாறின. அவ்வரிசையில் விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிற்று. அதனால் இடம்பெயர்ந்த பண்புக்கு 'எதிர்நோக்கு' என்னும் சொல் வழங்கப்பட்டது.

சீர்திருத்தத் திருச்சபைகள் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பையே தொடர்ந்து பயன்படுத்தியமையால், அனைவர்க்கும் பொதுவாக வேண்டும் என உருவான நூல் ஒரு புதிய சொற்பிளவுக்கு இடமளித்தது. இன்று 'நம்பிக்கை' என ஒரு தமிழ்க் கிறித்தவர் கூறும்போது அவர் எப்பண்பைக் கூறுகிறார் என்பதை அறிய, அவர் எத்திருச்சபையைச் சார்ந்தவர் என்பதையும் அறியவேண்டியுள்ளது. 2025ஆம் ஆண்டு யூபிலியின் மையக்கருத்து கத்தோலிக்கத் தமிழில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என வழங்கியபோது, முப்பது ஆண்டுப் பயிற்சியுடைய அச்சொல் ஓர் உலகளாவிய விழாவின் பெயராக உயர்ந்தது. பிற திருச்சபையினர்க்கு அது இன்னும் பழகாத சொல்லாகவே உள்ளது.

எதிர்நோக்கு: வலிமையும் வரம்பும்

'எதிர்நோக்கு' என்பதன் வலிமை அதன் அமைப்பிலேயே உள்ளது. எதிரே வருவதை நோக்கி நிற்றல் என்னும் உடல்நிலைச் சித்திரம் அச்சொல்லில் உண்டு. 'நம்பிக்கை' உள்ளத்தின் நிலையைக் குறிக்க, 'எதிர்நோக்கு' காலத்தின் திசையைக் காட்டுகிறது. இறந்தோரைக் குறித்து தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதும் பகுதியில் (1 தெசலோனிக்கர் 4:13) இதன் பயன் நன்கு விளங்கும். அடக்கச் சடங்குகளில் வாசிக்கப்பெறும் இப்பகுதி, எல்பிஸ் இல்லாத பிறரைப் போலத் துயருற வேண்டா எனத் தேற்றுகிறது. இங்கு 'நம்பிக்கையற்றோர்' என்னும் சொல்லைக் கேட்கும் துயருற்றவர், தம் கண்ணீர் தம் சமய உறுதியின் குறைவைக் காட்டுவதாக மயங்கக்கூடும். 'எதிர்நோக்கு இல்லாதோர்' எனும்போது அம்மயக்கம் நீங்குகிறது. அழுவதை அப்பகுதி தடுக்கவில்லை. மீண்டும் காணும் நாள் ஒன்று உண்டு என்பதை மட்டுமே நினைவூட்டுகிறது. ஆறுதலுக்கும் கண்டனத்திற்கும் இடையிலான தொலைவு ஒரு சொல்லில் அடங்கியிருப்பதை இங்குக் காணலாம்.

அதன் வரம்பும் கருதத்தக்கது. இக்காலத் தமிழில் நன்மையை மட்டுமன்றித் தீமையையும் எதிர்நோக்கலாம். நெருக்கடியை எதிர்நோக்குதல், இடரை எதிர்நோக்குதல் ஆகியன செய்தித்தாள் வழக்குகள். ஏலத்தின் விலை வீழ்ச்சியையும் பருவமழை பொய்த்தலையும் மலைமக்கள் எதிர்நோக்கவே செய்கின்றனர். விழைவும் பற்றும் அச்சொல்லில் இயல்பாக அமையவில்லை. எனினும் இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. செவ்வியல் கிரேக்கத்தில் எல்பிஸ் என்பதும் வரவிருப்பது பற்றிய பொதுவான கருத்தையே குறித்தது; தீமை பற்றிய எதிர்பார்ப்பும் அதனுள் அடங்கும். அதனை நன்மைக்கே உரிய சொல்லாக ஆக்கியது மறைநூலின் ஆட்சியே ஆகும்.

'நம்பு' என்பதன் பழம்பொருள்

தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு', 'மேவு' என்னும் இரண்டனையும் நசை என்னும் பொருளுடையனவாக உரைக்கிறார். நசை என்பது விருப்பம். ஆகவே 'நம்பு' என்பது அதன் பழம்பொருளில் ஏற்பையோ உறுதியையோ அன்றி விழைவையே சுட்டியது எனலாம். இவ்வொளியில் நோக்கின், எல்பிஸுக்கு 'நம்பிக்கை' என்னும் சொல்லை ஆண்ட பழைய மொழிபெயர்ப்பு, அறிந்தோ அறியாமலோ தமிழின் தொன்மையான பொருளுக்கு அணுக்கமாக நின்றது. தனித்தமிழ் நோக்கில் வடசொல்லை நீக்க முனைந்த புதிய மொழிபெயர்ப்பு, அதே முயற்சியில் ஒரு பழந்தமிழ்ப் பொருளை இடம்பெயரச் செய்தது என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும்.

மறைநூல் சொல்லுக்குப் பொருள்தரும் முறை

இரு மரபுகளையும் ஒப்பிடுமிடத்து, எல்பிஸ் என்னும் கருத்தை முழுமையாகத் தாங்கும் தனிச்சொல் தமிழில் இல்லை என்பது புலனாகிறது. விழைவை ஒரு சொல் தருகிறது. திசையை மற்றொரு சொல் தருகிறது. எஞ்சியதை மறைநூலின் தொடர்ந்த வாசிப்பே தரவேண்டும். உரோமையர் 15:4 இவ்வுறவை வெளிப்படையாகக் கூறுகிறது. முன்னர் எழுதப்பட்டவை தரும் பொறுமையாலும் ஆறுதலாலும் எல்பிஸ் உண்டாகிறது என்பது அதன் கருத்து. திருப்பாடல் 130இல் காத்திருப்பவர் பற்றிக்கொள்வதும் இறைவனின் சொல்லையே ஆகும்.

எபிரேயத்தில் இப்பண்பைக் குறிக்கும் 'திக்வா' என்னும் சொல்வடிவம் கயிறு என்னும் பொருளிலும் வருகிறது. யோசுவா நூலில் இராகாபு சாளரத்தில் கட்டிய கயிறு அச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. வாக்கு ஒன்றின் அடையாளமாகக் கட்டப்பட்ட கயிறு அது. சொல்லின் இவ்விரு பொருளும் அந்நிகழ்வில் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன.

இலக்கியத்திலும் இவ்வுறவு போற்றப்பட்டுள்ளது. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையில், மனச்சோர்வு என்னும் அரக்கனின் ஐயக்கோட்டையில் சிறைப்பட்ட பயணி, தன் மார்பிலேயே இருந்த வாக்குறுதி என்னும் திறவுகோலால் விடுதலை பெறுகிறான். அக்கதையைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். கம்பன் மரபில் தோய்ந்த அப்புலவர் கைகளில் ஆங்கில உருவகம் தமிழ்க் காப்பியமாயிற்று. திறவுகோல் புறத்தேயிருந்து வரவில்லை என்பதே பன்யன் கதையின் நுட்பம். படித்து உள்ளத்தில் வைத்த சொல், இடர் வந்தபோது நினைவுக்கு வருகிறது. மறைநூல் நம்பிக்கையாளரின் வாழ்வில் செயற்படும் முறை இதுவே எனில், அச்சொல் எம்மொழியில், எவ்வடிவில் உள்ளத்தில் பதிந்தது என்பது சிறிய வினாவன்று.

முடிவுரை

பழைய மொழிபெயர்ப்பின் 'நம்பிக்கை' விழைவின் வெம்மையைக் காத்தது. ஆயின் பொதுவழக்கில் சமய ஏற்போடு மயங்கியது. புதிய மொழிபெயர்ப்பின் 'எதிர்நோக்கு' மயக்கத்தை நீக்கியது. ஆயின் வெம்மையை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. ஒன்றை விலக்கி மற்றொன்றை நிலைநாட்டுவதைக் காட்டிலும், இரண்டையும் ஒப்பவைத்துக் கற்பிப்பதே பயனுடையது. உடும்பஞ்சோலை போன்ற எல்லைப்புறத்துத் தமிழர்க்கு அண்டை மொழியின் 'பிரத்யாசா' மூன்றாவது சான்றாகக் கைகொடுக்கும். வேறுபட்ட சொற்களைக் கேட்டு வாழ்வதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. ஒரு சொல் விட்ட பொருளை மற்றொரு சொல் நிரப்பும் வாய்ப்பு அங்கு உள்ளது. கிறித்தவத் தமிழின் சொல்வரலாறு, மொழிபெயர்ப்பாளர் மேசையில் மட்டுமன்றி, அடக்கச் சடங்கில் நின்று வாசகத்தைக் கேட்பவரின் செவியிலும் வைத்து ஆராயப்படவேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபாகும்.