பசியில்லாத முற்றுகை

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' (1999) கணினி விளையாட்டில் ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவு செலவாகும். அப்புறம் அவருக்குப் பசியே கிடையாது. கோட்டைக்குள் 20 பேரை எத்தனை நேரம் அடைத்துவைத்தாலும் தானியம் குறைவதில்லை. ஆக, முற்றுகை என்றால் கவண்பொறியால் மதிலை உடைப்பது, அவ்வளவுதான்.

நார்மண்டியின் கையார் கோட்டையை பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப் 1203-04இல் முற்றுகையிட்டபோது நடந்தது வேறு. கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி, தஞ்சம் புகுந்த ஊர்மக்களை, சண்டைக்கு உதவாத வாய்கள் என்று வெளியே தள்ளினான். முதலில் வந்தவர்களைப் போகவிட்ட பிலிப்பின் படை, பின்னால் வந்தவர்களை மறித்தது. இரு தரப்புக்கும் நடுவே, குளிரில், பலர் பட்டினியால் செத்தார்கள்.

முற்றுகையின் முதன்மை ஆயுதமான பசியைத்தான் இந்தப் பிரதி அழித்துவிடுகிறது என்று வாசிக்கிறேன். மதிலின் சேதத்தைத் துல்லியமாக எண்ணும் கணினிக்குப் பசியை எண்ணத் தெரியாதா என்ன? எண்ணினால் யாரை வெளியே தள்ளுவது என்று ஆடுபவரே முடிவுசெய்ய வேண்டிவருமே!