பெயரில் வாழும் ஊர்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் ஏதோ தனி மேன்மை குடிகொண்டிருப்பதாக மயங்குவோர் நம்மவருள் இன்றும் உளர். பெயரைப் பிரித்துப் பார்த்தால் மயக்கம் தெளியும். நியூட்டன் என்பது புதூர், நார்ட்டன் வடவூர், சட்டன் தென்னூர். நம் நாட்டிலும் மூலைக்கொரு புதூர் உண்டன்றோ?

இப்பெயர்கள் பிறந்த முறை நோக்கத்தக்கது. நிலமுடையார் சிலர் தம் நிலத்தின் பெயரைச் சூடிக்கொண்டனர். ஏனையோருள், பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றவனையே வந்த இடத்தார் அவன் விட்டுவந்த ஊரைச் சொல்லி அழைத்தனர். அதுவே நாளடைவில் குடும்பப் பெயராயிற்று.

1889இல் பேராக்கின் ரெசிடெண்டான சுவெட்டன்ஹாம் துரையின் பெயரும் செஷயரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரே. ‘ஹாம்’ என்றால் குடியிருப்பு. அப்பெயர் கடல் கடந்து வந்து, 1901இல் திறக்கப்பெற்ற துறைமுகத்தின்மேல் ஏறிற்று. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. ஆட்சி இட்ட பெயர் ஆட்சிக்குப் பின் நெடுநாள் நில்லாது.

மாங்குடி மருதனார், ஆலத்தூர் கிழார் என ஊரைப் பெயரோடு சேர்த்து வழங்கியது பழந்தமிழ் மரபு. பின்னாளில் சாதிப் பட்டம் வால்போல் வந்து ஒட்டிற்று. அதை அறவே விட்டொழிக்குமாறு 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது.

சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தோர் நிலை யாது? பாட்டனின் ஊர் மறந்தது. பிறந்த ரப்பர்த் தோட்டமோ செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துப் பெயரிழந்து வருகிறது. ஆயினும் மண அழைப்பிதழில் சாதிப் பட்டத்தை மட்டும் மறவாது அச்சிடுவோர் உளர். இதனினும் வெட்கத்துக்குரியது வேறுண்டோ?

ஊர்ப்பெயரைப் பேணுவோர் அதன் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். சேற்றில் சிக்கிய யானையை விட்டகலாது நின்றதாம் அதன் தோழன் யானை. அதனால் ‘ஸெத்தியா காவான்’, அதாவது உற்ற நண்பர், என்ற மலாய்ச் சொற்கள் சித்தியவான் ஆயின என்பர். கதை இனிது, ஆனால் இனிமை சான்றாகாது. 1923இல் இங்கிலாந்தில் தோன்றிய ஊர்ப்பெயர்க் கழகம், 1086ஆம் ஆண்டின் நிலக்கணக்கு முதலிய பழைய ஏடுகளில் காணும் வடிவங்களைக் கொண்டே பெயர்களை ஆய்கிறது.

நமக்கு வேண்டுவதும் அம்முறையே. தோட்டப் பள்ளிப் பதிவேடுகளிலும் கோயில் கணக்குகளிலும் முதியோர் நாவிலும் எஞ்சியுள்ள தோட்டப் பெயர்களை இன்றே தொகுத்தல் வேண்டும். பால்மரம் சீவியவர் வழிவந்தோர் பெயரோடு சேர்வதற்குத் தகுந்தது, அவர் முன்னோர் உழைத்த மண்ணின் பெயரே.