புரதத்திலும் பாட்டிலும் மீள்வரும் கூறுகள்

இசை, ஓவியம், கதை, புரதம் ஆகிய நான்கிலும் ‘மோட்டிஃப்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. திரும்பத் திரும்ப வருவதும் தனியே அடையாளம் காணத்தக்கதுமான சிறு கூறு என்பது அதன் பொருள். கிரேக்கக் கலயங்களின் வளைகோட்டுக் கரையாகிய ‘கிரேக்கச் சாவி’, புரதத்தில் நான்கு பீட்டா இழைகள் அமையும் ஒரு வகைக்கும் பெயராயிற்று. பெயரைக் கடன் வாங்குவது எளிது. ஆய்வுமுறையையும் அவ்வாறு வாங்க முடியுமா என்பதே கேள்வி.

1982-இல் ஜான் வாக்கரும் உடன் ஆய்ந்தோரும் ஏ.டி.பி. சின்தேஸ், மயோசின் முதலிய புரதங்களில் ஒரு பொதுத் தொடரைக் கண்டனர். முதலில் கிளைசின், அடுத்து ஏதேனும் நான்கு அமினோ அமிலங்கள், பின்பு கிளைசின், லைசின், இறுதியில் செரின் அல்லது திரியோனின். சில இடங்கள் உறுதியானவை, சில நெகிழ்பவை. யாப்பு கற்றவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஹோமரின் காவியங்களில் மில்மன் பாரி கண்டதும் இத்தகைய அமைப்பே. குறிப்பிட்ட சீரமைப்பில் ஒரே கருத்தைச் சொல்லும் தொடரை அவர் ‘வாய்பாடு’ என்றார். இம்முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியவர் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல், அப்பாடல்கள் வாய்மொழி மரபில் பிறந்தவை என்று வாதிட்டது. நாடன், ஊரன், சேர்ப்பன் என்னும் சொற்கள் நிற்க, முன்னுள்ள அடைகள் மாறி மாறி வருவதை நோக்கினால் அவ்வாதத்தின் வலிமை தெரியும். தமிழாய்வுக்கு அது பெரும் திறப்பு.

எனினும், மீள்வரவு மட்டுமே பிறப்பைக் காட்டிவிடுமா? இங்கே உயிர்வேதியியலின் எச்சரிக்கை பயன்படும். சர்க்கரைச் சங்கிலி இணையும் இடத்தைக் குறிக்கும் தொடர் மிகச் சிறியது: அஸ்பராஜின், புரோலின் அல்லாத ஏதேனும் ஒன்று, பின்பு செரின் அல்லது திரியோனின். இருபது அமினோ அமிலங்களும் சம அளவில் வருவதாகக் கொண்டால், ஏறத்தாழ 210 இடங்களுக்கு ஒருமுறை இது தற்செயலாகவே தோன்றும். தோன்றும் இடமெல்லாம் சர்க்கரை இணைவதும் இல்லை. இரு சொல் தொடர்களை எண்ணிக் கணக்கிடும் இலக்கிய ஆய்வாளர் இதனை மறக்கலாகாது.

இன்னொன்று, ஒப்புமை எல்லாம் உறவு ஆகாது. கைமோட்ரிப்சினும் பாக்டீரியாவின் சப்டிலிசினும் செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டேட் என்னும் அதே மூன்றைக் கொண்டே புரதத்தை வெட்டுகின்றன. ஆனால் இரண்டின் மடிப்பும் வேறு. அவை தனித்தனியே அம்முறையை அடைந்தவை. அதுபோல எழுத்தறிந்த புலவரும் பாணர் மரபின் வாய்பாடுகளை எடுத்தாண்டிருக்கலாம். 1975-இல் ஜார்ஜ் ஹார்ட் கொண்ட நிலைப்பாடு ஏறத்தாழ இதுவே. கைலாசபதியின் முடிவைவிட இது ஏற்கத்தக்கது.

ஒப்பீடு முறியும் இடமும் உண்டு. வாக்கர் தொடரில் லைசினை மாற்றினால் புரதம் பெரும்பாலும் செயலிழக்கும். பாட்டிலோ, எதிர்பார்த்த அடையை மாற்றும் புலவரே கவனம் பெறுகிறார். மேலும், ‘ஊரன்’ என்பதன் முன் வரும் எருமையும் தாமரையும் வயலின் வருணனையாக நின்றுவிடுவதில்லை. உள்ளுறையாகத் தலைவனின் பரத்தமையைச் சுட்டவும் கூடும். வாய்பாடு ஒன்றே; அது செய்யும் வேலை பாட்டுக்குப் பாட்டு வேறு. எத்தனை முறை வந்தது என்னும் பட்டியலில் இவ்வேறுபாடு புலப்படாது.