‘குடும்பம்’ என்று எழுதிய பலகை

திருவல்லிக்கேணியில் ஒரு மாதம் தங்கினால் முப்பது நாளும் வெவ்வேறு கடையில் சாப்பிடலாம். 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுகிறார்கள். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு இலைக்குக் காத்திருக்கிறார்கள். சேப்பாக்கத்து நாயர் மெஸ்ஸில் மீன் குழம்புக்குக் கூட்டம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் பிரியாணிக் கடைகள். அண்ணா சாலைப் பக்கம் போனால் 1951 முதல் இருக்கும் புகாரி. கடற்கரைக்குத் திரும்பினால் சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன். பார்த்தசாரதி கோயிலும் 1795இல் கட்டிய வாலாஜா மசூதியும் அருகருகே இருக்கும் பேட்டைக்கு இந்தப் பன்மை இயல்பானதுதான். இதைக் கொண்டாடி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு இருப்பது ஒரு எளிய கேள்வி. இத்தனை வகை இலைகளில், தனியாக வரும் பெண்ணுக்கு எந்த இலை போடப்படுகிறது?

முதலில் இந்தக் கடைகள் யாருக்காக வளர்ந்தன என்று பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் ஊர். தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள், குமாஸ்தாக்கள், மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், உதவி இயக்குநர்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஆண்கள் இந்த ஒண்டிக்கட்டில் அறைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த அறைகளில் சமையலறை கிடையாது. வீட்டில் ஒரு பெண் செய்துகொடுத்ததை இங்கே யாராவது செய்து கொடுக்க வேண்டும். மெஸ் அந்த இடத்தை நிரப்பியது. மாத அட்டையும், காலை ஏழு மணி டிபனும், இரவு பத்து மணி வரை கிடைக்கும் பரோட்டாவும் ஓர் ஆணின் அலுவலக நாளைச் சுற்றி அமைந்த நேர அட்டவணை. இதில் சதி எதுவும் இல்லை. தேவை எங்கே இருந்ததோ அங்கே கடை முளைத்தது. அதே நகரத்தில் பெண்கள் தங்கிய விடுதிகளின் கதவு இருட்டுவதற்கு முன்னால் சாத்தப்பட்டது. உள்ளேயே சோறும் போடப்பட்டது. அதனால் அவர்களுடைய தேவை தெருவுக்கு வரவே இல்லை.

பெண் வந்தபோது அவளுக்காக ஒரு பலகை மாட்டப்பட்டது. ‘ஃபேமிலி ரூம்’, ‘குடும்பத்தினருக்கு மட்டும்’, ‘மாடியில் குடும்ப அறை உண்டு’. இந்தப் பலகையை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பாருங்கள். ஒரு கணவன், மனைவி, பிள்ளைகள் உள்ளே போனால் பொருள் சரியாக இருக்கிறது. இரண்டு தோழிகள் போனாலும் குடும்பம்தான். ஒருத்தி மட்டும் போனாலும் அவளை மாடிக்குத்தான் அனுப்புவார்கள், அவளும் குடும்பம். நான்கு ஆண்கள், சொந்த அண்ணன் தம்பிகளாகவே இருக்கட்டும், அவர்கள் குடும்பம் ஆகமாட்டார்கள். கீழே உட்கார வேண்டியவர்கள். ஆக, இந்தப் பலகையில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குப் ‘பெண்’ என்பதே பொருள். பெண் என்று நேராகச் சொல்லத் தயங்கிய இடத்தில் குடும்பம் என்று எழுதியிருக்கிறார்கள். தனியாக வந்தவள், மற்றவர்கள் இன்னும் வந்துசேராத ஒரு குடும்பம். அதனால்தான் சப்ளையர், “எத்தனை பேரும்மா?” என்று கேட்டு, “ஒருத்திதான்” என்ற பதிலுக்குப் பிறகும், “வேற யாராச்சும் வராங்களா?” என்று இன்னொரு முறை கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் உள்ள அகராதியில் அந்த ஒருமைக்கு இடமில்லை.

பலகையை வாசிக்கும் அரசியல் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால்தான் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். கடைப் பெயரில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாதக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள், கைதானார்கள், மறுபடி வந்தார்கள். கடைசியில் சொல் இறங்கியது. சோறு யாருடையதாக இருந்தாலென்ன, பலகையில் இருப்பது வெறும் ஒரு சொல்தானே என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள். யார் சமைத்தது சுத்தம், யார் தொட்டால் தீட்டு என்ற முழு ஏற்பாட்டையும் அந்த ஒரு சொல் தாங்கி நின்றது என்பது போராடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. காப்பி கிளப்புகளின் சாதி வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்கள் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘குடும்பம்’ என்ற பலகையை அதே கண்ணோடு யாரும் அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அது சலுகை போல இருந்ததால் அதற்குள் இருந்த கட்டளை கண்ணில் படவில்லை.

இதற்கு இணையான இன்னொரு சொல் ‘வீட்டுச் சாப்பாடு’. ஒரு மெஸ்ஸுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு இது. ‘அம்மா கைமணம்’ என்றும் சொல்வார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் சமைப்பவர் பெரும்பாலும் ஆண்தான். சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், பிரியாணி மாஸ்டர் என்று பட்டம் உள்ளவர், அந்தப் பட்டத்துக்குரிய கூலி வாங்குபவர். வெங்காயம் உரிப்பதும், பாத்திரம் தேய்ப்பதும், தரை துடைப்பதும் பின்கட்டுப் பெண்கள். வீட்டில் சம்பளமில்லாமல் சமைக்கும் கை கடைக்கு வந்ததும் மாஸ்டர் ஆவதில்லை. அதன் மணம் மட்டும் விளம்பரத்துக்கு வருகிறது.

நம் இலக்கியமும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்ததுதான். குறுந்தொகை 167ஆம் பாடலை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இருக்க முடியாது. புதிதாக மணமானவள் தயிர் பிசைந்து, புகை கண்ணில் பட, தானே புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. கூடலூர்கிழாரின் மிக நுட்பமான பாடல், ஐயமில்லை. அவள் எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டால் பாடலில் பதில் இல்லை. அவள் மகிழ்ச்சி இன்னொரு வாயின் வழியாகத்தான் நமக்குக் காட்டப்படுகிறது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலுக்குள் வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும் கண்ணகி, விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனதைச் சொல்கிறாள். உணவிடுதல் பெண்ணின் அறம் என்பது எழுதப்பட்டிருக்கிறது. உண்ணுதல் அவளுடைய உரிமை என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

மணிமேகலை வீட்டை விட்டு வெளியே வந்தவள். அமுதசுரபியை ஏந்தித் தெருவில் நின்று ஊருக்குச் சோறிட்டவள். அப்போதும் அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையைக் கற்புக்குப் பெயர்பெற்ற ஆதிரைதான் இட வேண்டியிருந்தது. கணிகையர் குலத்தில் பிறந்தவளின் கையிலிருக்கும் சோற்றுக்கு ஒரு மனைவியின் முத்திரை தேவைப்பட்டது. குடும்ப அறைப் பலகையின் முன்னோடி என்று அந்தக் காட்சியைச் சொல்லத் தோன்றுகிறது. இதற்கு மாறாக ஒருத்தி இருக்கிறாள்: புறநானூறு 235இல் அதியமானை இழந்து அழும் ஔவை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதைத் தங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று நினைவுகூர்கிறாள். யாருடைய மனைவியாகவும் அல்லாமல், அவையில் அமர்ந்து, உண்டதையும் குடித்ததையும் தன் வாயால் சொல்கிற பெண். அவளைப் பின்னாளில் பல்லில்லாத பாட்டியாக்கி நாம் பாதுகாப்பாக வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குடும்ப அறை வேண்டாம் என்று எல்லாப் பெண்களும் சொல்லமாட்டார்கள். நெடுஞ்சாலைப் பிரியாணிக் கடைகளின் மாடியில் பர்தா அணிந்த பெண்கள் முகத்திரையை நீக்கி, எலும்பைக் கடித்து, சத்தமாகச் சிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடுப்பு அவர்களுக்குச் சிறை இல்லை, மூச்சு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை தேடுகிறவளுக்கும் அப்படித்தான். எனவே தடுப்பைப் பிடுங்குவது என் வாதமில்லை. மாடியை அவள் தேர்ந்தெடுக்கிறாளா, மாடிக்கு அனுப்பப்படுகிறாளா என்பதுதான் கேள்வி. கீழே, தெருவைப் பார்த்த மேசையில், பேருந்துகளை வேடிக்கை பார்த்தபடி ஒரு காப்பியை அரை மணி நேரம் குடிக்கும் இடமும் அவளுக்குத் திறந்திருந்தால் மாடி ஒரு வசதி. அது திறக்காதவரை மாடி ஒரு ஒதுக்கீடு.

2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். சமைப்பதும் பரிமாறுவதும் சுய உதவிக் குழுப் பெண்கள். தனி அறை கிடையாது; எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் பெண்கள் தட்டோடு ஆண்களுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுகிறார்கள். “தனியாவா வந்தீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணின் பொதுவெளி உணவை இந்த நகரத்தில் விலைப்பட்டியலே சாத்தியமாக்கிய இடம் அது. அங்கும் பெயர்ப்பலகையில் ‘அம்மா’ என்றுதான் இருக்கிறது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் தொழிலாளியின் கூலிக் கோரிக்கையை அந்தச் சொல் எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் சொல் பற்றிய கவலைகள் மட்டுமில்லை. கழிப்பறை இல்லாத கடையில் பெண் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறாள். குடிநீர் டம்ளர் மேசையில் அப்படியே இருக்கிறது. விடுதிக் கதவு மூடும் நேரம் அவளுடைய இரவு உணவின் நேரத்தை முடிவு செய்கிறது. குடும்ப அறை குளிரூட்டப்பட்டதாக இருந்தால் அதே தோசைக்கு அவள் கூடுதல் காசு கொடுக்கிறாள். பெண்ணாக இருப்பதற்கு ஒரு விலைப்பட்டியல். இவற்றை அனுபவம் என்று சொல்லிக் கடந்துவிடாமல் கணக்காக எழுதி வைக்க வேண்டும்.

மெரினா ஓரத்துக் கல்லூரிகளில் படிக்கும் மாணவிகளிடம் நான் ஆய்வுத் தலைப்பாகவே இதைச் சொல்வதுண்டு. உங்கள் பேட்டையின் கடைகளில் ஒரு வாரம் சாப்பிடுங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது, உங்களை எங்கே உட்காரச் சொன்னார்கள், என்ன கேட்டார்கள், கழிப்பறை இருந்ததா, கல்லாவில் யார், அடுப்பில் யார், பாத்திரம் தேய்த்தது யார், பில் எவ்வளவு என்று குறித்து வாருங்கள். சாம்பார் எப்படி இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ருசியைப் பற்றிப் பெண் தன் வாயால் சொல்வது ஔவைக்குப் பிறகு நம்மிடம் குறைந்துபோயிருக்கிறது.